காலை எடுக்காமல் கட்டியை எடுக்கும் ஆபரேஷன்: மயக்க மருந்துச் சிக்கல்கள் பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எலும்பில் புற்றுக்கட்டி என்றால் முன்பெல்லாம் கையையோ காலையோ எடுப்பதுதான் சிகிச்சை. இன்று பெரும்பாலானோருக்குக் கட்டி பிடித்த எலும்பை மட்டும் சுற்றியுள்ள சதையோடு வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் அளவெடுத்துச் செய்த உலோக எலும்பைப் பொருத்தி நடக்க வைக்க முடிகிறது. தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகள் செய்துவந்தவர்களில் சென்னை எலும்பு மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் முக்கியமானவர். 2007-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இந்தக் கட்டிகளில் அதிகம் பார்ப்பது ஆஸ்டியோசர்கோமா. 10 முதல் 20 வயதுக்குள், முழங்காலை ஒட்டி வரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் பெரும்பாலும் நோயாளி. நம் மாவட்டங்களிலிருந்து சென்னைக்கோ வேலூருக்கோ பெங்களூருக்கோ கூட்டிக்கொண்டு போகிறார்கள். "ஆபரேஷன் எப்படிங்க, மறுபடி நடப்பானா" என்று எல்லோரும் கேட்கிறார்கள். மயக்க மருந்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கையெழுத்துப் போடும்போதுதான் அந்தப் பேச்சே வருகிறது.

நான் மயக்க மருத்துவன். மயக்க மருந்துச் சிக்கல் என்றால் தியேட்டருக்குள் திடீரென்று நடப்பது என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். இந்த ஆபரேஷனில் பல சிக்கல்களுக்குக் காரணம், முன்னால் கொடுக்கும் கீமோ என்ற புற்று மருந்துச் சிகிச்சை நாட்களிலேயே உடம்பில் சேர்ந்திருக்கும். சில சிக்கல்கள் வார்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் கழித்தோ, வீடு திரும்பிய பிறகோ தெரியவரும். அந்த இரண்டு நேரத்திலும் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மாற்றாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்; அவரிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: கீமோ கோப்பை முழுதாகச் சேர்த்து வையுங்கள்

பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னால் சில சுற்று கீமோ நடந்திருக்கும். ஒரு ஊரில் கீமோ, இன்னொரு ஊரில் ஆபரேஷன் என்று ஆகும்போது காகிதங்கள் சிதறிப்போகின்றன. எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை மில்லிகிராம் என்பது மயக்க மருத்துவருக்கு ஏன் வேண்டும் என்று மருந்து மருந்தாகச் சொல்கிறேன்.

டாக்ஸோரூபிசின் சிவப்பு நிறத்தில் ஏறும் மருந்து. இதயத் தசையைப் பலவீனப்படுத்தக் கூடியது. வாழ்நாள் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மி.கி.யைத் தாண்டும்போது ஆபத்து வேகமாக ஏறுகிறது. சிலருக்கு அதற்குக் கீழேயும் பாதிப்பு வரலாம். பிள்ளை பார்க்க நன்றாகவே இருப்பான். மயக்க மருந்து கொடுத்து, ரத்தமும் இழந்து, திரவமும் ஏற்றும்போதுதான் இதயம் தாங்கவில்லை என்பது வெளிப்படும். அதனால் கடைசி கீமோவுக்குப் பிறகு எடுத்த எக்கோ, அதாவது இதய ஸ்கேன், வேண்டும். நோய் கண்டுபிடித்த புதிதில் எடுத்த எக்கோவைக் காட்டி "ஏற்கெனவே எடுத்தாச்சு" என்று சொல்லாதீர்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, படுத்தால் இருமல் வருகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடம்பிலுள்ள மெக்னீசியத்தைக் குறைக்கும், காதைக் கெடுக்கும், கைகால் விரல்களை மரத்துப்போகச் செய்யும். மெக்னீசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். விரல் மரத்திருப்பதை முன்பே எழுதி வைக்காவிட்டால், ஆபரேஷனுக்குப் பிறகு அது மயக்க ஊசியால் வந்ததா கீமோ மருந்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. காது மந்தமாகியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மயக்கம் தெளியும்போது "கண்ணைத் திற, கையைப் பிடி" என்று கூப்பிட்டுத்தான் பார்ப்போம். காது கேட்காத பிள்ளை பதில் சொல்லவில்லை என்றால் தேவையில்லாத பதற்றம்.

மெத்தோட்ரெக்சேட் வாயிலும் தொண்டையிலும் புண் உண்டாக்கும். ஆறாத புண் இருந்தால் மூச்சுக் குழாய் வைக்கும்போது ரத்தம் வரும், வீக்கம் கூடும். ஐஃபாஸ்ஃபமைடு கொடுத்திருந்தால் சிறுநீரகத்தையும் சிறுநீர்ப்பையையும் கவனிக்க வேண்டும்.

அடுத்து ரத்த அணுக்கள். கீமோ முடிந்து பொதுவாக மூன்று வாரம் அளவில் எண்ணிக்கை ஏறிய பிறகே ஆபரேஷன் வைப்பார்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 80,000-க்குக் கீழே இருந்தால் முதுகில் ஊசி போடப் பெரும்பாலான மயக்க மருத்துவர்கள் தயங்குவார்கள். தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும் என்ற பயம்தான் காரணம். அணுக்கள் ஏறவில்லை என்று தேதி தள்ளிப்போனால் மனம் உடைய வேண்டாம். அலைக்கழிப்பாகத்தான் தெரியும், ஆனால் அந்த ஒரு வாரம் பிள்ளையின் பாதுகாப்புக்காகப் போகிறது.

இரண்டாம் படி: நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் சொல்ல வேண்டியவை

வெளியூர் மருத்துவர் தானாகக் கேட்காத கேள்விகள் சில உண்டு. அவற்றில் முதலாவது போர்த் தண்ணீர்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பல கிராமங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கியதே இதற்காகத்தான். ஆனால் அதற்கு முன் முப்பது நாற்பது வருடம் போர்த் தண்ணீரையே குடித்தவர்களின் எலும்பில் சேர்ந்தது சேர்ந்ததுதான். பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரியும். எலும்புக்குள் நடப்பது வெளியே தெரிவதில்லை.

நீண்டகால ஃபுளோரைடு பாதிப்பில் முதுகெலும்பை இணைக்கும் தசைநார்கள் எலும்பைப் போல இறுகிவிடுகின்றன. முதுகில் ஊசி போட அந்தத் தசைநார்களின் இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும். இறுகிவிட்டால் ஊசி நுழையாது. திரும்பத் திரும்பக் குத்த வேண்டிவரும், நரம்பில் படவும் வாய்ப்பு கூடும். கழுத்தும் இறுகியிருந்தால் தலையைப் பின்னால் சாய்த்து மூச்சுக் குழாய் வைப்பது கடினம். விலாவும் இறுகினால் ஆபரேஷனுக்குப் பிறகு ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, சளி தேங்கும். சிலருக்குத் தண்டுவடம் போகும் பாதையே குறுகியிருக்கும். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மருத்துவர், நோயாளி தருமபுரிக்காரர் என்பதை வைத்து மட்டும் இதை ஊகிக்கமாட்டார். "எங்கள் ஊர் ஃபுளோரைடு ஊர், அப்பாவுக்குக் குனிய முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது" என்று நீங்கள் சொன்னால் முன்கூட்டியே எக்ஸ்-ரே பார்ப்பார், கேமரா வைத்த குழாய்க் கருவியை எடுத்து வைப்பார். பிள்ளைகளைவிட நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இது முக்கியம். காண்ட்ரோசர்கோமா என்ற குருத்தெலும்புப் புற்று போன்ற கட்டிகள் அந்த வயதில்தான் அதிகம் வருகின்றன.

இரண்டாவது, சொந்தத்தில் கல்யாணம். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிய குடும்பங்கள் நம்மிடம் நிறைய. சில பரம்பரைக் குறைகள் அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். சக்ஸமெத்தோனியம் என்ற தசை தளர்த்தும் மருந்து சில நிமிடங்களில் செயல் இழக்க வேண்டும். அதை உடைக்கும் நொதி பரம்பரையாகவே இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆரிய வைசிய சமூகத்தாரிடம் இந்தக் குறை கூடுதலாகக் காணப்படுவது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பே தெரிந்தால் அந்த மருந்தைத் தவிர்த்துவிட்டு வேறு மருந்து கொடுக்கலாம், அவ்வளவுதான். "சித்தப்பாவுக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் பண்ணப்போ மயக்கம் தெளிய ரொம்ப நேரமாச்சு", "அத்தை மகன் ஆபரேஷன் மேசையிலேயே காய்ச்சல் ஏறிப் போயிட்டான்" என்பது போன்ற பழைய பேச்சு ஏதாவது குடும்பத்தில் இருந்தால் ஒன்று விடாமல் சொல்லுங்கள். இரண்டாவது வகை, சில மயக்க வாயுக்களால் உடம்பு கட்டுக்கடங்காமல் சூடேறும் அபூர்வப் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அதற்கான டாண்ட்ரோலீன் என்ற மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலும் கையிருப்பில் இருப்பதில்லை. முன்பே தெரிந்தால் அந்த வாயுக்களைத் தொடாமலேயே மயக்கம் கொடுக்க முடியும்.

மூன்றாவது, பொட்டல மருந்து. கட்டியை வெறும் வீக்கம் என்று நினைத்து எண்ணெய்க் கட்டு போட்டிருப்பீர்கள், பேர் தெரியாத பொடி, மாத்திரை கொடுத்திருப்பீர்கள். மூட்டு வலிக்கு விற்கும் இப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை தெரியவந்த விஷயம். வாரக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பு தானாக ஸ்டீராய்டு சுரப்பதை நிறுத்திவிடும். பிறகு ஆபரேஷன் மேசையில் ரத்த அழுத்தம் இறங்கினால் வழக்கமான மருந்துக்கு ஏறாமல் போகலாம். டாக்டர் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடும் பல், குறட்டை, ஆஸ்துமா, புகையிலை, தினமும் குடிக்கும் பழக்கம், குடும்பத்தில் சிக்கிள் செல் நோய், எந்த மருந்துக்காவது தடிப்பு வந்தது: எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் சர்க்கரை அளவு சரியாகக் காட்டினாலும் ரத்தம் அமிலமாகிவிடலாம்.

மூன்றாம் படி: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

முழு மயக்கமா, முதுகு ஊசியா, இரண்டும் சேர்த்தா? வலிக்கு முதுகில் வைத்து மருந்து விடும் எபிடூரல் குழாயா, காலுக்குப் போகும் நரம்பைச் சுற்றி மருந்தா? ரத்தம் எத்தனை பாட்டில் ஏற்பாடு செய்ய வேண்டும்? முதல் இரவு ஐசியுவிலா? ஐசியு படுக்கை உறுதியாகிவிட்டதா?

ரத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் உடம்பில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் இருக்கும். 30 கிலோ பிள்ளைக்கு மொத்தமே இரண்டு லிட்டர் சொச்சம். பெரியவருக்குத் தாங்கக்கூடிய ஒரு லிட்டர் இழப்பு அந்தப் பிள்ளைக்குப் பாதி உயிர். தொடை எலும்பு, இடுப்பெலும்புக் கட்டிகளில் இந்த அளவு இழப்பு அசாதாரணமல்ல. அதனால் ரத்த தானத்துக்கு ஆள் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் ஊரிலிருந்து கூட்டிவாருங்கள்.

நான்காம் படி: வெறும் வயிறு

திட உணவு, பால், பால் காபி எதுவானாலும் குறைந்தது 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் 8 மணி நேரம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். தெளிந்த தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். ராகிக் கூழும் மோரும் மாம்பழ ஜூஸும் தெளிந்த திரவம் ஆகாது. மயக்கத்தில் வாந்தி மேலே வந்தால் தடுக்கும் அனிச்சை இருக்காது. நேராக நுரையீரலுக்குள் இறங்கும். கீமோவிலிருந்து தேறிவரும் உடம்புக்கு அது பேரிடி.

எனக்குக் கவலை தருவது பாட்டிமார்களின் பாசம். "கொழந்த பசிக்குதுங்குது, ஒரு வாய் களிதானே சாமி" என்று யாருக்கும் தெரியாமல் ஊட்டிவிடுவார்கள். அப்படி நடந்துவிட்டால் உள்ளே போவதற்கு முன் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போகும். வேறொன்றும் ஆகாது.

கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்தும் மின் கருவியால் அந்த இடத்தில் தீக்காயம் வரலாம். நகப்பூச்சையும் துடைத்துவிடுங்கள், ஆக்ஸிஜன் அளவு விரலில்தான் பார்க்கிறோம். எந்தக் கால் என்று பேனாவால் குறி போட்டிருக்கிறார்களா என்று நீங்களும் பாருங்கள்.

ஐந்தாம் படி: நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் உள்ளே நடப்பது

இந்த ஆபரேஷன் நாலு மணி நேரம் ஆகலாம், எட்டு மணி நேரமும் ஆகலாம். நேரமானால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. மயக்க மருத்துவர் முழு நேரமும் தலைமாட்டில்தான் இருக்கிறார். அவர் எதை எதிர்பார்த்து நிற்கிறார் என்று சொல்கிறேன்.

மயக்கம் கொடுக்கும் முதல் சில நிமிடங்களில் மூச்சுப் பாதையும் அலர்ஜியும்தான் கவலை. ஆன்டிபயாட்டிக், தசை தளர்த்தும் மருந்து ஆகியவற்றுக்குத் திடீரென்று கடும் அலர்ஜி வந்து ரத்த அழுத்தம் இறங்கலாம், நுரையீரல் இறுகலாம். அட்ரினலின்தான் மருந்து, கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

நரம்பைச் சுற்றியோ எபிடூரலிலோ விடும் பியூப்பிவக்கைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து அளவு மீறினாலோ ரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ வலிப்பு வரும், இதயம் நிற்கவும் கூடும். விழித்திருப்பவர்கள் முதலில் நாக்கு மரக்கிறது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்பார்கள். கிலோவுக்கு 2 மி.கி. அளவுக்குள் நிறுத்துவது வழக்கம். 30 கிலோ பிள்ளைக்கு 0.5 சதவீத மருந்தில் 12 மில்லிதான். நச்சானால் 20 சதவீதக் கொழுப்புத் திரவத்தைக் கிலோவுக்கு 1.5 மில்லி கணக்கில் வேகமாக ஏற்றுவோம். உங்கள் ஆஸ்பத்திரியில் அது இருக்கிறதா என்று கேட்பது தவறல்ல.

ரத்தம் கசியாமல் இருக்கத் தொடையில் டூர்னிக்கெட் என்ற பட்டையைக் கட்டி இறுக்குவது உண்டு. பொதுவாக 2 மணி நேரத்துக்கு மேல் வைப்பதில்லை. அவிழ்க்கும் தருணம் கவனத்துக்குரியது. அதுவரை ரத்தம் போகாமல் கிடந்த காலிலிருந்து அமிலமும் பொட்டாசியமும் ஒரேயடியாக இதயத்துக்கு வரும், அழுத்தம் இறங்கும். டாக்ஸோரூபிசினால் பலவீனமான இதயத்துக்கு இது சோதனை நேரம்.

உலோக எலும்பை, எலும்புக்கென்றே உள்ள சிமெண்ட் வைத்துப் பொருத்தும் நிமிடங்களைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். எலும்பின் உட்குழாயில் சிமெண்டை அழுத்தும்போது அங்கிருக்கும் கொழுப்பும் மஜ்ஜைத் துணுக்குகளும் காற்றும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகின்றன. இதயத்தின் வலப்பக்கம் திணறுகிறது. ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இறங்குவது, அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சரிவது இதன் லேசான வடிவம். கடுமையானால் இதயம் நின்றுபோகும். உட்குழாயை நன்றாகக் கழுவி உலர்த்துவது, சிமெண்ட் வைக்கப்போவதை எலும்பு மருத்துவர் உரக்கச் சொல்வது, அதற்கு முன்பே முழு ஆக்ஸிஜனும் அழுத்தம் ஏற்றும் மருந்தும் தயாராக வைப்பது ஆகியவைதான் தடுப்பு. இருவரும் பேசிக்கொண்டே செய்யும் தியேட்டரில் இந்த நிமிடங்கள் பாதுகாப்பாகக் கடக்கின்றன. இதை முன்பே கேட்டு வையுங்கள்: "சிமெண்ட் வைப்பீர்களா, இதயம் தாங்குமா?"

ரத்தம் நிறைய ஏற்ற வேண்டிவந்தால் அதற்கும் விளைவு உண்டு: உடம்பு குளிர்ந்துபோகும், கால்சியம் குறையும், ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். சூடேற்றிய திரவம், சூடான காற்றுப் போர்வை, கால்சியம், கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்வோம். மணிக்கணக்கில் ஒரே பக்கம் படுத்திருப்பதால் கை, தோள் நரம்புகள் அழுந்தி மரக்கலாம். ஆபரேஷன் காலில்தானே, கை ஏன் மரக்கிறது என்று அடுத்த நாள் சந்தேகம் வந்தால் சொல்லுங்கள்.

ஆறாம் படி: முதல் 24 மணி நேரம்

சிறு பிள்ளைகள் மயக்கம் தெளியும்போது ஆளைத் தெரியாமல் அலறுவார்கள், உதைப்பார்கள். பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். நடுக்கம், வாந்தி, தொண்டை வலி எல்லாம் வரும், மருந்துக்கு அடங்கும். வயதானவர்களுக்கு ராத்திரியில் நினைவு தடுமாறலாம். கண்ணாடியையும் காது கருவியையும் திரும்பக் கொடுத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுங்கள். தினமும் குடித்தவர் என்றால் அந்தத் தடுமாற்றத்துக்கு வேறு சிகிச்சை வேண்டும், உடனே சொல்லுங்கள்.

வலிக்கு மார்ஃபின் போன்ற மருந்து போகும். பொத்தானை அழுத்தினால் மருந்து இறங்கும் கருவி வைத்திருந்தால் அதை நோயாளி மட்டும்தான் அழுத்த வேண்டும். தூங்குகிறவனுக்கு வலிக்குமே என்று அம்மா அழுத்தக் கூடாது. தூக்கம் வந்தால் அவன் அழுத்தமாட்டான் என்பதுதான் அந்தக் கருவியின் பாதுகாப்பு. நீங்கள் அழுத்தினால் அது போய்விடும். தட்டி எழுப்பினாலும் சரியாக விழிக்கவில்லை, பெரியவருக்கு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக மூச்சு போகிறது என்றால் நர்ஸைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். மாற்று மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். எபிடூரலோ நரம்பு ஊசியோ கொடுத்த கால் மரத்திருக்கும்; வலி தெரியாது. அதே நேரம் காலுக்குள் ரத்தக் கசிவால் அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்த ஓட்டம் நின்றுபோகலாம். சாதாரணமாக இதை முதலில் காட்டிக்கொடுப்பது தாங்க முடியாத வலி. இங்கே அந்தச் சாட்சியை மருந்து அடக்கி வைத்திருக்கிறது. அதனால் "வலியில்லாமல் நிம்மதியாக இருக்கிறான்" என்று மட்டும் பார்த்துவிட்டு இருக்காதீர்கள். கால் விரல் சூடாக இருக்கிறதா, நிறம் எப்படி, கெண்டைச்சதை கல் போல இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அடங்கியிருந்த வலி மருந்தையும் மீறிக் கிளம்பினால், விரலை மெல்ல மேலே மடக்கியதும் துடித்துப்போனால், அடுத்த ரவுண்டு வரை காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்துக்குள் அழுத்தத்தைத் திறந்துவிடாவிட்டால் காப்பாற்றிய காலே போய்விடும்.

ஏழாம் படி: இரண்டாம் நாளிலிருந்து வீடு திரும்பும் வரை

24 முதல் 72 மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, நெஞ்சிலும் அக்குளிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் என்று சேர்ந்து வந்தால் எலும்புக் கொழுப்பு ரத்தத்தில் கலந்திருக்கலாம். குழப்பத்தை வலி மருந்து மயக்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

எபிடூரல் குழாயை உருவுவதற்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் வயிற்று ஊசிக்கும் கணக்கு உண்டு. எனாக்சபாரின் என்ற அந்த ஊசியைத் தடுப்பு அளவில் போட்டு 12 மணி நேரம் கழித்தே உருவ வேண்டும். உருவி 4 மணி நேரம் கழித்தே அடுத்த ஊசி. குழாய் இருக்கும்போதோ உருவிய பிறகோ கடுமையான முதுகு வலி, தெளிந்து வந்த கால் மறுபடி பலமிழப்பது, சிறுநீர் கட்டுவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே எம்.ஆர்.ஐ. வேண்டும். தண்டுவடத்தை ரத்தக் கட்டி அழுத்தினால் மணிக்கணக்கில்தான் அவகாசம்.

முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டியிருக்கலாம், ஆபரேஷனிலும் பாதிக்கப்படலாம். பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினால், நரம்பு ஊசியின் மிச்சமா ஆபரேஷனின் விளைவா என்ற கேள்வி வரும். ஊசியின் பலன் ஒரு நாள் சொச்சத்தில் தீர வேண்டும். அதற்கு மேலும் தொங்கினால் மயக்க மருத்துவர், எலும்பு மருத்துவர் இருவரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

உட்கார்ந்தால் தலை பிளக்கிறது, படுத்தால் விடுகிறது என்றால் முதுகு ஊசி போட்ட துளையில் திரவம் கசிகிறது. படுக்கை, திரவம், மாத்திரை போதும். விடாவிட்டால் அவருடைய ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து அங்கே செலுத்தி அடைப்பார்கள். முதுகு ஊசி போட்டால் காலமெல்லாம் இடுப்பு வலி என்று ஊரில் சொல்வதற்கு ஆதாரமில்லை.

மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் பந்துக் கருவியை விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஊதாமல், உறிஞ்ச வையுங்கள். ஊதுகிற பிள்ளைகள்தான் அதிகம்.

எட்டாம் படி: ஊர் திரும்பும் பயணமும் அதற்குப் பிறகும்

சென்னையிலிருந்து தருமபுரிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். புற்று, ஆபரேஷன், அசையாத கால் மூன்றும் சேர்ந்தால் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைய ஏற்ற சூழல். மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி மறு காலையும் கணுக்காலையும் அசைக்க வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். வீட்டில் போட வேண்டிய வயிற்று ஊசியை "நல்லாத்தானே இருக்கான்" என்று நடுவில் நிறுத்தாதீர்கள். கெண்டைச்சதை வீக்கம், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் என்றால் ஆபரேஷன் செய்த ஊருக்குக் கிளம்ப வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய் நிலைப்படுத்துங்கள். டிஸ்சார்ஜ் தாள் கையில் இருக்கட்டும். அங்கிருந்து ஆபரேஷன் செய்த மருத்துவரோடு பேசச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கும் இதே வழிதான், கீமோ மறுபடி தொடங்கிய பிறகு இன்னும் அவசரமாக.

வாரங்கள் கழித்தும் காலில் எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற வலி என்றால் அது நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைக்குக் கேட்காது. கபாபென்டின் வகை மருந்துகள் உண்டு. பிள்ளை சொல்வதை நம்பி மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒரு தாள். வளரும் பிள்ளைக்கு உலோக எலும்பை நீட்டவும், தேய்ந்தால் மாற்றவும் மறுபடி மறுபடி ஆபரேஷன் வரும். ஒவ்வொன்றுக்கும் மயக்க மருந்து உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போது மயக்க மருத்துவரிடம் கேட்டு இவற்றை எழுதி வாங்குங்கள்: மூச்சுக் குழாய் வைப்பது எளிதாக இருந்ததா, எந்தக் கருவியில் வைத்தார்கள், முதுகில் ஊசி எந்த இடத்தில் எத்தனை முறையில் போனது, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, சிமெண்ட் வைக்கும்போது அழுத்தம் இறங்கியதா, எத்தனை பாட்டில் ரத்தம் ஏறியது, அதுவரை சேர்ந்த டாக்ஸோரூபிசின் மொத்தம் எவ்வளவு, கடைசி எக்கோ என்ன சொன்னது. இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் காப்பீட்டு அட்டையோடு வையுங்கள், செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பரிசோதனைக்குப் போனாலும் மேசையில் முதலில் வைக்க வேண்டியது அந்தத் தாள்தான்.